ரெக்கார்டு நோட்டோடு மன்னார் வளைகுடாவில் ஐந்து நாள்

நாள் 1: பிப்ரவரி 14, சனி. மதுரையிலிருந்து மண்டபம்

1985 டிசம்பரில் விலங்கியல் முதுகலை மாணவிகள் பதினெட்டுப் பேர், இரண்டு பேராசிரியைகளோடு, இதே தடத்தில் ரயிலில் போனோம். அப்போது மீட்டர் கேஜ். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தார்கள், அதனால் ராமேஸ்வரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. ஆளுக்கொரு ரெக்கார்டு நோட்டு, துறையின் இரண்டு ஃபார்மலின் கேன், ஒரு மூட்டை நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில். கடலைப் படிக்கப் போகிறோம் என்ற பூரிப்பில் யாரும் ராத்திரி தூங்கவே இல்லை.

அப்புறம் வங்கி வேலை, கல்யாணம், மாற்றல், பதவி உயர்வு. விலங்கியல் அந்த நோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. போன வருடம் அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது பழுப்பு அட்டை போட்ட அந்த நோட்டு கையில் கிடைத்தது. கடல் அட்டை, நட்சத்திர மீன், மான்கொம்புப் பவளம், பலனோகுளோசஸ் என்ற கடல்புழு எல்லாம் எச்.பி. பென்சிலில், அம்புக்குறியும் பெயருமாக இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பேராசிரியையின் சிவப்பு மைக் கையெழுத்து. அதைப் புரட்டிய அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த இடங்களை மறுபடி பார்க்க வேண்டும்.

அக்கா மகன் துணைக்கு வருகிறான். சென்னையில் கணினி வேலை. "சித்தி, மாசி அமாவாசை பதினேழாம் தேதி. வத்தம் பார்க்கணும்னா அதை ஒட்டிப் போகணும்" என்று நாள் குறித்துக் கொடுத்தவன் அவன்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் ஏற்றமும் அதிகம், தண்ணீர் பின்வாங்கும் வற்றமும் அதிகம். இந்தப் பக்கத்தில் கடல் மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தட்டையான கரையில் அந்த ஒரு முழ வித்தியாசமே நிறைய தரையைத் திறந்து காட்டிவிடும்.

மண்டபத்தில் தங்கப் போகிறவர்கள் பாலத்துக்கு முன்பே இறங்கியிருக்கலாம். பாலத்துக்காகவே ராமேஸ்வரம் வரை டிக்கெட் எடுத்தோம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. நாங்கள் போனது 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில். கப்பல் வந்தால் நடுவிலுள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். வண்டி மெதுவாகப் போனதால் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊரார் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. ஆனால் இன்றைக்குப் பெண்கடல்தான் கலங்கி, சின்னச் சின்ன நுரையாக எழும்பிக் கொண்டிருந்தது. தென்கடல் கண்ணாடி. வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை, அதுதான் காரணம். வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு வடகடல் நேராக முகம் கொடுக்கிறது, தென்கடலோ தீவின் மறைவில் இருக்கிறது. சித்திரைக்கு மேல் தென்மேற்குக் காற்று வந்தால் இது அப்படியே தலைகீழாகும்.

காற்று மாறினால் கடலின் ஓட்டமும் சேர்ந்து மாறுவது வட இந்தியப் பெருங்கடலின் தனிக்குணம். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பெரிய நீரோட்டங்கள் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே திசையில் ஓடுகின்றன. இங்கே வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் குளிர்காலத்தில் குமரிமுனையைச் சுற்றி அரபிக்கடலுக்குப் போகும். கோடையில் ஓட்டம் எதிர்த்திசையில். பாய்மரக் காலத்தில் மரக்கலம் ஓட்டிய எல்லோருக்கும் இது அனுபவமாகத் தெரிந்திருந்தது.

ராமேஸ்வரம் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. நாளைக்குச் சிவராத்திரி. நின்றுகொண்டே பேருந்தில் மண்டபம் திரும்பினோம்.

நாள் 2: பிப்ரவரி 15, ஞாயிறு. குருசடை

பாம்பனில் குந்துகால் என்ற இடத்திலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு. 1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கரையிறங்கிய இடம் இது. அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுப் படகுத் துறைக்குப் போனோம்.

கடற்கரை ஊர்களில் சிலுவை நட்ட சிறு வழிபாட்டு இடத்தைக் குருசடி என்பார்கள். தீவின் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்றார் படகுக்காரர். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். கடலுக்கு மேலே இன்று அத்தனையும் இல்லை. இரண்டு முழுகிவிட்டன. அதைப் பற்றித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

தண்ணீரின் நிறம் மூன்று இடத்தில் மாறியது. கரையோரம் வெளிர்பச்சை, கடல்புல் இருக்கும் இடத்தில் கருமை, ஆழம் வந்ததும் நீலம். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன் இந்த நீலத்தைத்தான் ஒரு சின்னப் படிகத்தை வைத்துச் சோதித்தார். வானத்தின் நிறம் கடலில் பிரதிபலிக்கிறது என்பதே அதுவரை இருந்த விளக்கம். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் படிகத்தால் மறைத்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் இருந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதும் நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்றைய விளக்கம். ஒரு பயணி கப்பல் தட்டில் நின்று, சட்டைப்பையில் அடங்கும் கருவியால் தொடங்கிய ஆராய்ச்சி அது. நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

தீவில் இறங்கியதும் முதலில் தேடியது மணல்சுருள்களை. வற்றத்தில் தெரியும் மணலில், முறுக்குப் பிழிந்ததுபோல் சின்னச் சின்னச் சுருள்கள் கிடக்கும். அதற்கடியில் பலனோகுளோசஸ் இருக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எவரும் மறக்காத பெயர் அது. பார்க்க ஒரு மஞ்சள் புழு, தொட்டால் அறுந்துவிடும் உடம்பு, மருத்துவமனையில் வரும் அயோடோஃபார்ம் வாடை. ஆனால் அதற்குச் செவுள் துளைகள் உண்டு. முதுகெலும்பில்லாதவற்றுக்கும், மீன் முதல் மனிதர் வரையுள்ள நம் கூட்டத்துக்கும் உறவு காட்டும் உயிர்களில் ஒன்று. அந்தப் புழு இங்கே கைக்கெட்டும் ஆழத்தில் கிடைத்ததால்தான் எத்தனையோ கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் குருசடைக்கு வண்டி கட்டினார்கள். உயிரியலாளர்களின் சொர்க்கம் என்று இந்தத் தீவுக்குப் பெயரே உண்டு.

சுருள்கள் இருந்தன. ஏழெட்டு பார்த்தேன். தோண்டவில்லை, தோண்டக் கூடாது. 1985-இல் நாங்கள் தோண்டினோம். பதினெட்டுப் பேரும் ஆளுக்கொன்று எடுத்தோம். பாதி கையிலேயே அறுந்தது. அறுந்ததை வீசிவிட்டு வேறு தேடினோம். பவளத்தையும் உயிரோடு கல்லுளி வைத்துத் தட்டி எடுத்தோம். எங்களுக்கு முன்னும் பின்னும் வந்த ஒவ்வொரு குழுவும் இதையே செய்தது. அடுத்த வருடம், 1986-இல், இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு ஒரு வருடம் முந்தி வந்திருக்கலாம் என்று இன்று அந்த மணலில் நின்றபோது மனசார நினைத்தேன்.

சென்னை அருங்காட்சியகம் 1927-இலேயே குருசடைக் கரையின் உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. கிரேவ்லி என்பவர் அப்போது அதன் பொறுப்பாளர். எந்தக் கரையில், எந்தப் பாறைக்கடியில் எது வாழ்கிறது என்று அங்கே பதிந்து வைத்தார்கள். அதனால்தான் இன்று ஒருவர் வந்து, அன்றைக்கு இருந்தது இப்போது இருக்கிறதா என்று தேட முடிகிறது.

சரி, என் நோட்டை வைத்து நானும் தேடலாமே என்று எடுத்தேன். மான்கொம்புப் பவளப் படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தீவு, எந்தப் பக்கம், எத்தனை அடித் தண்ணீர், என்ன தேதி? ஒன்றும் எழுதவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பார்த்தேன். எல்லாம் இப்படித்தான். உறுப்புகளின் பெயர் ஒன்றுவிடாமல் இருக்கிறது, உயிர் எங்கே இருந்தது என்பது மட்டும் இல்லை.

திரும்பும்போது கண்ணாடி பதித்த தரை வழியே கடலடியைக் காட்டினார் படகுக்காரர். கடல்புல், அதற்கு நடுவே உருண்டைப் பவளங்கள், கோடு போட்ட சின்ன மீன்கள். ஓரிடத்தில் தடித்த பாசிக் கொத்து ஒன்று பவளத்தின் மேல் போர்வைபோல் படர்ந்து கிடந்தது. அது என்ன என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்பதால் ஊகிக்கவில்லை. ஆனால் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி தப்பித்து வந்து குருசடைப் பவளங்களை மூடியதை 2008-இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாசி மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் இல்லை. பவளப் பூச்சியின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்குச் சாப்பாடு தயாரிக்க வெளிச்சம் வேண்டும். அது பட்டினி கிடந்தால் பவளமும் பட்டினி.

நாள் 3: பிப்ரவரி 16, திங்கள். மண்டபம் முகாம்

மண்டபம் கேம்ப் என்ற பெயரை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கப்பலேற்றும் முன் நோய்ப் பரிசோதனைக்காக அடைத்து வைத்த முகாம் இது. பெட்டி படுக்கையோடு வந்து, நாள் எண்ணிக் காத்திருந்து, கடல் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர். 1947 பிப்ரவரி 3-இல் தொடங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ஆரம்ப காலத்தில் இருந்தது அந்த முகாம் இருந்த ஊரில்தான். அது தொடங்கியபோது நாடு விடுதலை அடைய இன்னும் ஆறு மாதம் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் கிளை இன்றும் இருக்கிறது. இங்கே இயக்குநராக இருந்த என்.கே. பணிக்கர்தான் பிற்பாடு, 1966-இல் தேசியக் கடலியல் நிறுவனம் அமைந்தபோது அதன் முதல் இயக்குநர். இந்தியக் கடலாய்வின் வேர்களில் ஒன்று இந்த மணல் ஊரில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மீன் காட்சியகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் வாங்கிப் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களெல்லாம் சிங்கமீன் தொட்டியைச் சுற்றி நிற்க, நான் புட்டிகளின் பக்கம் போனேன். ஃபார்மலினில் வெளுத்துப்போன உடல்கள். கண்ணில் பட்டவை உடல்களைவிடச் சீட்டுகள்தான். பெயர், இடம், நாள். அது இருந்தால் புட்டியில் இருப்பது ஒரு சாட்சி. அது இல்லாவிட்டால் வெறும் காட்சிப்பொருள். எங்கள் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பெயரை மட்டும்தான் ஒட்டினோம்.

ஆவுளியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடற்பசுவுக்கு இங்குள்ள பெயர் அது. 1959-இல் பிடிபட்ட இரண்டு ஆவுளியாக்களை இந்த நிலையம் பத்தாண்டுக்கும் மேலாக வைத்து வளர்த்தது. எஸ். ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றைக் கவனித்து எழுதினார். என்ன தின்கிறது, எவ்வளவு நேரத்துக்கொருமுறை மூச்சு விட மேலே வருகிறது என்பதெல்லாம் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அது கடல்புல் மேயும் பிராணி. இரண்டு பக்கக் கடலும் கரையோரம் ஆழமில்லாமல், புல் மண்டி இருப்பதால் இங்கே வாழ்கிறது. பாக் விரிகுடா பெரும்பாலும் 13 மீட்டருக்குள்தான், ஆனால் மன்னார் வளைகுடா தீவுகளைத் தாண்டித் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு காலத்தில் ஆவுளியாக் கறி இந்தக் கரையில் சாதாரணமாக விற்றது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. வலையில் சிக்கியதை மீனவர்களே அறுத்து விடுகிறார்கள் என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. படிக்கும்போது மனசு நிறைகிறது.

கடல் விரால் என்ற மீனைக் கூண்டில் வளர்ப்பதும் இங்கிருந்துதான். 2010-இல் இந்தியாவில் முதல்முறையாக அதைக் குஞ்சு பொரிக்க வைத்தது மண்டபம்.

ராத்திரி விடுதி மாடியில் உட்கார்ந்து, தேதி எழுதாமல் விட்டதைப் பற்றி அக்கா மகனிடம் புலம்பிக் கொண்டிருந்தேன். சேலஞ்சர் கப்பலைப் பற்றிச் சொன்னேன். 1872-லிருந்து 1876 வரை, கிட்டத்தட்ட 1,27,000 கிலோமீட்டர், உலகத்தைச் சுற்றி 362 இடங்களில் நிறுத்தி நிறுத்தி ஆழமும் வெப்பமும் பார்த்த பிரிட்டிஷ் கப்பல். சணல் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். ஆழமான இடத்தில் ஒருமுறை இறக்கி ஏற்ற மணிக்கணக்காகும். நடுக்கடலில் அதே வேலை, மாதக்கணக்கில். மாலுமிகளில் நிறைய பேர் சலித்துப்போய்த் துறைமுகங்களில் இறங்கி ஓடிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு இடத்துக்கும் நாள், நிலை, ஆழம், வெப்பம் என்று எழுதினார்கள்.

"அதை வச்சு இப்ப என்ன செய்ய முடியும் சித்தி?" என்றான்.

செய்தார்கள். 2012-இல் ஒரு குழு சேலஞ்சரின் சுமார் 300 வெப்பப் பதிவுகளை, அதே இடங்களில் இன்றைய ஆர்கோ மிதவைகள் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டது. மேற்பரப்பு ஏறத்தாழ 0.6 டிகிரி சூடேறியிருந்தது. 700 மீட்டர் வரைக்கும் சராசரியாக 0.33 டிகிரி. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஒரு முழுப் பெருங்கடலின் 700 மீட்டர் தண்ணீரைக் கால் டிகிரிக்கு மேல் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. சணல் கயிற்றை இழுத்த மாலுமிக்கு, 135 வருடம் கழித்து இதற்காக அது எடுக்கப்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆர்கோ என்ற பெயரை அவன் உடனே கைபேசியில் தேடிவிட்டான். ஆள் உயர உலோகக் குழல்கள், உலகம் முழுக்க ஏறத்தாழ நாலாயிரம். ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஓட்டத்தோடு மிதக்கும். பத்து நாளுக்கொருமுறை இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பமும் உப்பும் அளந்துகொண்டே மேலே வரும். செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கும். அளவுகள் யாருக்கும் இலவசம். வங்காள விரிகுடாவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தவற்றில் ஒன்றைத் தொட்டான். சில நாள் முன்பு அது அனுப்பிய கோடு திரையில் விரிந்தது. மேலே சூடு, நூறு மீட்டரைச் சுற்றிச் சட்டென்று சரிவு, கீழே குளிர். கல்லூரியில் கரும்பலகையில் வரைந்து காட்டியதை உயிரோடு பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அவன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பள்ளிக்கரணையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியை அங்கேதான் உருவாக்குகிறார்கள். 2.1 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் இறங்க வேண்டும். அந்த ஆழத்தில் நம்மேல் உள்ள காற்றழுத்தத்தைப் போல் அறுநூறு மடங்கு அழுத்தும், அதனால் 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியம். ஊருக்குப் போனதும் அந்தப் பக்கம் போகிற வழியில் நின்று பார்ப்பேன் என்றான்.

நாள் 4: பிப்ரவரி 17, செவ்வாய். சின்னப்பாலம்

அமாவாசை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் நிரம்பி வழிந்திருக்கும். நாங்கள் பாம்பனிலேயே, சின்னப்பாலத்துக்குப் போனோம்.

இங்குள்ள பெண்கள் பாசி எடுக்கிறவர்கள். வத்தை என்ற சின்னப் படகில் போய், கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பரில் அடித்த செருப்பு. மரிக்கொழுந்திலிருந்து அகர் வருகிறது. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலூற்றிக் காய்ச்சும் கடல்பாசி அகர்தான். ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி வளர்க்கப் பயன்படுவதும் அகர்தான். இரண்டு வருடம் நான் கல்லூரியில் அந்தத் தட்டுகளை ஊற்றினேன். அது யாருடைய மூச்சில் வந்த பொருள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கரையேறி வந்த ஓர் அக்காவிடம் பேசினேன். ஐம்பது வயது இருக்கும். ஏழு வயதில் அம்மாவோடு கடலில் இறங்கியவராம்.

"எத்தனை நாள்க்கா போவீங்க?"

"அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு. மத்த நாளு போறதில்லம்மா. பாசி வளரணும்ல? நாங்களே பேசி வச்சது."

மாதம் பன்னிரண்டு நாள். வற்றத்தின் கணக்கும் பாசியின் கணக்கும் ஒன்றாகச் சேர்கிற நாட்கள். மீன்பிடித் தடைக் காலத்திலும் எடுப்பதில்லை. வேரோடு பிடுங்க இரும்புக் கருவி கூடாது என்பதும் அவர்களே வைத்த கட்டுப்பாடு. இந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டுத் தீவுப் பாதுகாப்பு அமைப்பின் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். ஆனால் பாசி உள்ள பாறைகள் பூங்கா எல்லைக்குள் வருகின்றன. அங்கே போனால் சட்டப்படி தவறு, போகாவிட்டால் அடுப்பு எரியாது. தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கடலைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் நம்பவில்லை. பூங்கா வேண்டும், அவர்களோடு சேர்ந்து வேண்டும்.

"முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா கையைக் கடல் பக்கம் நீட்டினார். "எங்கம்மா முழங்கால் தண்ணியில எடுத்தாக. நான் கழுத்துத் தண்ணிக்குப் போறேன். வெயில் வருசம் வந்துச்சுல்ல, அப்ப தண்ணி கொதிச்சுச்சு. பாறையெல்லாம் வெள்ள வெளேர்னு. இத்தன வருசத்துல அப்படிப் பாக்கல."

எந்த வருடம் என்று கேட்டேன். மகளுக்குத் தலைப்பிரசவம் ஆன வருடம் என்றார். விரல்விட்டு எண்ணி 2016-க்கு வந்தோம். உலகம் முழுக்கப் பவளங்கள் வெளிறிய வருடம் அது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பவளப் பூச்சி தன் உடம்பிலுள்ள நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாசி போனதும் நிறம் போகும், கீழே உள்ள சுண்ணாம்பு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். வெப்பமானி எதுவும் இல்லாமல், மகள் பிள்ளை பெற்ற வருடத்தை வைத்து அக்கா அதைச் சரியாகச் சொன்னார். நான் தேதியோடு, ஊரோடு குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் வந்த அலையில் ரயிலோடு போனவர்களுக்கு, இன்று கடலில் நிற்கும் மிதவைகளும் செயற்கைக்கோளும் தரும் எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் பவளக்கல்தான். பேச்சே வரவில்லை, திரும்பிவிட்டோம்.

நாள் 5: பிப்ரவரி 18, புதன். தூத்துக்குடி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் வழியாக. இருபக்கமும் உடைமரமும் உப்பளமும்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கொற்கையில் முத்துக் குளித்த கதை எல்லோருக்கும் தெரியும். கடலியலாளர்களை இந்தக் கடலுக்கு இழுத்ததும் முத்துதான். சிப்பி விளையும் பாறைத்திட்டுக்கு இங்கே பார் என்று பெயர். ஒரு வருடம் பாரில் சிப்பி குவிந்து கிடக்கும், அடுத்த பல வருடம் ஒன்றும் இருக்காது. ஏன் என்று கண்டுபிடிக்க இலங்கை அரசு 1902-இல் ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளரை வரவழைத்தது. துணைக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்பாடு சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, சங்கு குளிப்பவர்களோடும் படகு கட்டுபவர்களோடும் பழகி ஏராளமாக எழுதினார். சிப்பிக்குள் புகும் நாடாப்புழுக் குஞ்சுதான் முத்துக்குக் காரணம் என்றார் ஹெர்ட்மன். அது நிலைக்கவில்லை. ஆனால் பார் பாராக அவர்கள் எடுத்த கணக்கு நிலைத்தது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1973-இல் வேப்பலோடையில் அழகர்சாமி என்ற விஞ்ஞானியின் குழு, சிப்பிக்குள் சின்ன மணியை வைத்து உருண்டை முத்தை விளைவித்தது. இயற்கை தராததைக் கற்றுக்கொண்டு செய்த காரியம்.

முழுகிய இரண்டு தீவுகளுக்கு வருகிறேன். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். படகு படகாக வந்தது. பவளத்திட்டு அலையின் வேகத்தை உடைக்கும் அணை. அது போனதும் அலை நேராகத் தீவின் மணலை அடித்துக் கொண்டுபோனது. வான்தீவும் அதேபோல் கரைந்து கரைந்து சிறுத்தது. அதன் முன்னால் கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கி, அலையைத் தடுத்து, மணலைச் சேர வைத்திருக்கிறார்கள். பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டு வளர்க்கும் வேலையும் நடக்கிறது.

அந்த வேலையில் இருக்கும் ஓர் ஆய்வு மாணவியைத் தெரிந்தவர் மூலம் சந்தித்தேன். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கழுத்தில் கண்ணாடிப் பட்டையின் தடம். பேச்சு ஆரம்பித்த பத்து நிமிடத்தில் மேடம் என்பது அம்மா என்றாகிவிட்டது.

வேலை எப்படி என்று விளக்கினாள். கடலடியில் அடையாளம் வைத்த இடத்தில் 20 மீட்டர் நாடாவை விரிப்பார்கள். நாடாவின் கீழ் எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை செத்தது, எத்தனை பாசி, எத்தனை மணல் என்று நீரில் கரையாத தாளில் பென்சிலால் எழுதுவார்கள். அடுத்த வருடம் அதே இடம், அதே நாடா. அதற்கடுத்த வருடமும். 1998, 2010, 2016 வெளிறல்களில் என்ன போனது, என்ன மீண்டது என்று நமக்குத் தெரிவதெல்லாம் இப்படி முங்கி எழுதியவர்களால்தான்.

"பழசு கிடைக்கிறதுதான் கஷ்டம்மா. எண்பதுகள்ல எப்படி இருந்துச்சுன்னு சொல்ற பதிவு ரொம்பக் கம்மி."

தயங்கித் தயங்கி நோட்டை எடுத்துக் கொடுத்தேன். படங்களில் தேதியும் இடமும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மான்கொம்புப் பவளத்தில் நின்று, கிளைகளின் அமைப்பைப் பார்த்து எந்த வகையாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு கடைசி அட்டைக்கு வந்தாள். அங்கே நான் இத்தனை நாளும் கவனிக்காத ஒன்று இருந்தது. அப்பாவிடம் காட்டுவதற்காக எழுதிய செலவுக் கணக்கு.

"21.12.85. குருசடை. படகு ரூ. 4. டீ, பன் 80 பைசா. காலை 7 மணிக்கு வற்றம் என்றார்கள். தெற்குப் பக்கம் இறங்கினோம்."

மாணவி கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தை மூன்று முறை படம் பிடித்தாள். அப்புறம்தான் பவளப் படத்தை எடுத்தாள். "தெற்குப் பக்கம், காலை ஏழு மணி வத்தம்" என்று மெதுவாகப் படித்துவிட்டு, தன் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"அன்னைக்குத் தண்ணி எப்படிம்மா இருந்துச்சு? தெளிவா?"

கண்ணை மூடி யோசித்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் வரிசையாக நின்றது நினைவுக்கு வந்தது. இடுப்பளவு தண்ணீர். என் பக்கத்தில் நின்றவள் காலில் மருதாணி இட்டிருந்தாள். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விரல் நகத்திலும் அந்தச் சிவப்பு தெரிந்தது.

அதைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்: இடுப்பளவு ஆழம், அடித்தரை தெளிவு, நகத்தில் மருதாணி தெரிந்தது. எழுதிவிட்டுக் குறிப்பேட்டை என் பக்கம் திருப்பினாள். சொன்னவர் பெயரும் இன்றைய தேதியும் வேண்டும் என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.